மும்மை நடையும் அழுகைச் சுவையும்: சப்ரகமுவத் தோட்டங்களின் இசைபற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இசைக்கும் உணர்ச்சிக்குமுள்ள தொடர்பைப்பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு எளிய சமன்பாடுகளைக் கையாள்வர். மந்தமான காலப்பிரமாணம் துயரத்தைத் தரும், விரைவானது மகிழ்ச்சியைத் தரும் என்பது ஒன்று. இன்ன சுரவரிசை சோகத்துக்குரியது, இன்னது களிப்புக்குரியது என்பது மற்றையது. தோட்டத் தொழிலாளரின் பாடல்களைப்பற்றி எழுதுவோருட் சிலர் இவற்றோடு நின்றுவிடுவதில்லை. அப்பாடல்கள் சோகமானவை, ஆதலால் அவற்றைப் பாடிய மக்களும் இயல்பிலேயே சோகமானவர்கள் என்ற மூன்றாவது முடிவுக்கும் அவர்கள் வந்துவிடுகின்றனர். ஒரு வர்க்கத்தின் வரலாற்று அனுபவம் அதன் பிறவியியல்பாக மாற்றப்படும்போது, அவ்வனுபவத்தைத் தோற்றுவித்த உற்பத்தியுறவுகள் பார்வையிலிருந்து மறைந்துவிடுகின்றன. இம்மூன்று முடிவுகளையும் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களை ஆதாரமாகக் கொண்டு பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பரிசீலனைக்கு உரைகல்லாக வேறொரு நிலத்தின் இசைப்படைப்பொன்றை முதலில் எடுத்துக்கொள்வோம். தன் மரபின் இசையை மட்டும் கேட்டுப் பழகியவர்க்கு அம்மரபின் வழக்கங்களெல்லாம் இயற்கை நியதிகளாகவே தோன்றும். இரண்டு மரபுகளை அருகருகே வைக்கும்போதுதான் எது இயற்கை, எது வழக்கம் என்பது தெளிவாகும்.

1. நடனமாக வந்த மரணம்

பின்லாந்து நாட்டு இசையமைப்பாளர் ழான் சிபேலியஸ், தம் மைத்துனரான ஆர்விட் யார்னெஃபெல்ற் எழுதிய 'குவோலெமா' என்ற நாடகத்துக்கு 1903ஆம் ஆண்டில் இசையமைத்தார். 'குவோலெமா' என்பதற்கு மரணம் என்பது பொருள். அந்நாடக இசையின் ஒரு பகுதியை 1904இல் திருத்தியமைத்து, 'வால்ஸ் திரிஸ்த்', அதாவது 'சோக வால்ட்ஸ்' என்ற தனிப்படைப்பாக்கினார். உலகெங்கும் பல்லியக் குழுக்கள் அதனை வாசித்தன. ஆயினும் சிபேலியஸ் அதன் உரிமையைச் சொற்பத் தொகைக்கு விற்றுவிட்டமையால், அதன் புகழால் விளைந்த பெரும் வருவாய் பதிப்பாளரையே சேர்ந்தது. கலைஞனது உழைப்பும் பண்டமாகும் காலத்தில் இது வியப்புக்குரியதன்று.

நாடகத்தில் இவ்விசைக்குரிய காட்சி பின்வருமாறு அமைகின்றது. இரவு வேளை. நோயுற்ற தாயின் அருகே காவலிருந்த மகன் களைப்பால் உறங்கிவிடுகிறான். எங்கோ தொலைவில் நடன இசை கேட்கின்றது. தாய் படுக்கையைவிட்டு எழுந்து அவ்விசைக்கு ஆடத் தொடங்குகிறாள். இணையிணையாக விருந்தினர் தோன்றி அவளோடு ஆடுகின்றனர். ஆனால் ஒருவரும் அவள் கண்களை நோக்குவதில்லை. அவள் களைத்து வீழ்கிறாள். மீண்டும் எழுந்து முன்னிலும் வேகமாக ஆடுகிறாள். நடனம் உச்சத்தை எட்டும்போது கதவு தட்டப்படுகின்றது. இசை அறுந்துபோகின்றது. வாசலில் நிற்பது மரணம்.

இசையின் அமைப்பு இக்காட்சியோடு ஒன்றிச் செல்கின்றது. நரம்புக்கருவிகள் ஒலி அடக்கப்பட்ட நிலையில், மீட்டுதலின் துணையோடு, மிக மந்தமான விளம்ப காலத்தில் தொடங்குகின்றன. ஒவ்வோர் அளவிலும் மூன்று எண்ணிக்கை. முதலெண்ணிக்கை அழுத்தம் பெறும். ஏனைய இரண்டும் மெலிந்து ஒலிக்கும். அடிப்படைச் சுரவரிசை மேனாட்டார் 'ஜி மைனர்' என்று வழங்குவது. இடையில் காலப்பிரமாணம் விரைவுற்று, மைனர் விலகி மேஜர் தலைகாட்டுகின்றது. ஒருகணம் வாழ்வு மீண்டதுபோன்ற மயக்கம் ஏற்படுகின்றது. ஈற்றில் மைனரும் விளம்பமும் திரும்பிவர, ஒருசில நரம்புகளின் மெல்லொலியோடு படைப்பு அடங்கிவிடுகின்றது.

இங்குச் சோகம் எங்கிருந்து பிறக்கின்றது? மந்தகதியும் மைனரும் அதற்குத் துணைசெய்கின்றன என்பதில் ஐயமில்லை. எனினும் அவைமட்டும் காரணமாயின், படைப்பின் மிக விரைவான பகுதி மிகக் களிப்பானதாக இருத்தல் வேண்டும். உண்மையில் அப்பகுதியே கேட்போரை அதிகம் அச்சுறுத்துகின்றது. வால்ட்ஸ் என்பது கூடிக்களிப்பதற்கான நடனம் என்பதைக் கேட்போர் அறிவர். களிப்புக்குரிய அவ்வடிவம் சாவின் வீட்டுக்குள் வந்து நிற்கும்போது எழும் முரணே அச்சோகத்தின் ஊற்று. அம்முரணை உணர்வதற்கு நடனத்தின் சமூக வரலாறு நினைவில் இருத்தல் வேண்டும்.

அவ்வரலாறு சுவையானது. ஆஸ்திரிய, தென்ஜெர்மானியக் குடியானவர்களின் சுழல்நடனங்களிலிருந்து உருவாகிய வால்ட்ஸ், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரங்களுக்கு ஏறியது. 1814-15இல் ஐரோப்பிய வல்லரசுகள் வியன்னாவிற் கூடியபோது அரண்மனைகளிலும் ஆடப்பட்டது. ஆணும் பெண்ணும் தழுவியாடும் இந்நடனத்தை ஒழுக்கக்கேடென்று முதலிற் பழித்த மேன்மக்களே பின்னர் அதனைத் தம் சொத்தாக்கிக்கொண்டனர். எழுச்சிபெற்ற முதலாளி வர்க்கத்தின் தன்னம்பிக்கைக்கு அது சின்னமாயிற்று. அத்தன்னம்பிக்கை ஆட்டங்காணத் தொடங்கிய காலத்திலேயே வால்ட்ஸ் மரணத்தோடு ஆடத்தொடங்கியது. முதல் உலகப்போருக்குப் பின்னர், 1920இல், பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் இயற்றிய 'லா வால்ஸ்' சுழன்று சுழன்று சிதறிப்போவதையும் இவ்விடத்து நினைவுகூரலாம்.

2. எட்டியாந்தோட்டைக்கு வந்த புகைவண்டி

சிபேலியஸ் சோக வால்ட்ஸை இயற்றிய அதே 1903ஆம் ஆண்டில், களனிப் பள்ளத்தாக்கின் குறும்பாதைப் புகைவண்டி கேகாலை மாவட்டத்தின் எட்டியாந்தோட்டையை அடைந்தது. 1912இல் மற்றொரு கிளை இரத்தினபுரிக்குச் சென்றது. இப்பாதைகளினூடே இறப்பர் கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கியது. தென்னிந்தியத் தொழிலாளர் மேலேறினர். அத்தொழிலாளரோடு தப்பும் வந்தது. துரைமாரின் கழகங்களில் வால்ட்ஸ் ஆடப்பட்டது. மேனாட்டு மும்மை நடையும் தமிழ்நாட்டுத் தோற்கருவியும் ஒரே மலைச்சாரலில், ஒன்றையொன்று அறியாமல், ஒரே மூலதனத்தின் நிழலில் ஒலித்தன.

சப்ரகமுவத் தோட்டங்களுக்குச் சில தனித்தன்மைகள் உண்டு. நுவரெலியா மாவட்டத்தில் தோட்டங்கள் தொடர்ச்சியான பெருந்தொகுதிகளாக உள்ளன. இங்கோ அவை சிங்களக் கிராமங்களுக்கு இடையிடையே சிதறிக் கிடக்கின்றன. எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளில் இறப்பரும், பலாங்கொடை, இறக்குவானைப் பகுதிகளில் தேயிலையும் முதன்மை பெற்றன. தொழில் வேறுபாடு இசை வேறுபாட்டுக்கும் காரணமாகும் என்பது கவனிக்கத்தக்கது.

கார்ல் பியூஹர் 1896இல் வெளியிட்ட 'வேலையும் தாளமும்' என்ற நூல், கூட்டுழைப்பின் அசைவிலிருந்தே தாளம் பிறந்தது என்ற கருத்தை முன்வைத்தது. கைலாசபதி, சிவத்தம்பி ஆகியோரின் ஆய்வுகளை பர்மிங்காமில் நெறிப்படுத்திய ஜோர்ஜ் தொம்சன், அக்கருத்தை மார்க்சிய அடிப்படையில் வளர்த்தெடுத்தார். ஏற்றப்பாட்டும் நடவுப்பாட்டும் இதற்குத் தக்க சான்றுகளாகும். அவற்றில் உழைப்பவரின் மூச்சும் கையுமே காலப்பிரமாணத்தை நிர்ணயிக்கின்றன.

இறப்பர்த் தோட்டத்திலோ நிலைமை வேறு. பால்வெட்டு தனித்தனியே செய்யப்படும் தொழில். ஏறக்குறைய முந்நூறு மரங்கள் ஒருவர் பொறுப்பில் விடப்படும். வெயில் ஏறுவதற்கு முன்னரே பால் நன்கு சுரக்கும். ஆதலால் விடியலிலேயே வெட்டத் தொடங்கவேண்டும். ஒருமுறை வெட்டிச் சென்றவர், பின்னர் வாளியோடு அதே மரங்களைச் சுற்றிவந்து சிரட்டைகளிலிருந்து பாலைச் சேகரிக்க வேண்டும். மழை பெய்தால் வெட்டில்லை. பல வேளைகளிற் கூலியுமில்லை. இத்தொழிலில் ஒருவர் கையசைவு மற்றவர் கையசைவோடு இணைவதில்லை. எனவே கூட்டுத்தாளம் தொழிலுக்குள்ளிருந்து பிறக்க வழியில்லை. தேயிலை மலையில் நிரைபிடித்துக் கொழுந்தெடுக்கும் பெண்கள் ஒருவர்க்கொருவர் குரல் கொடுக்கலாம். ஆயினும் அங்கும் வேகத்தை நிர்ணயிப்பது நாட்சம்பளத்துக்குக் குறிக்கப்பட்ட இறாத்தல் கணக்கும் கங்காணியின் கண்ணுமே.

தாளம் தொழிலுக்கு வெளியிலிருந்து வந்தது. அதிகாலையில் ஒலித்த பெரட்டுத் தப்பே அது. தொழிலாளரைப் பெரட்டுக்களத்துக்கு அழைப்பதற்குத் தோட்ட நிருவாகம் தப்பைக் கடிகாரமாகப் பயன்படுத்தியது. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய 'இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே' என்ற நெடுங்கவிதையில் விடியலோடு தப்பின் அதிர்வும் இணைந்து வருவது தற்செயலன்று. ஊரில் திருவிழாவையும் சாவையும் அறிவித்த கருவி, தோட்டத்தில் உழைப்புநேரத்தை அறிவிக்கும் கருவியாயிற்று. காலம் உழைப்பவனது உடைமையாக இல்லாமற் போனதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஒலி வேறில்லை. அந்தத் தப்புக்கு எவரும் செவிசாய்க்காத நாளே வேலைநிறுத்த நாள். 1946இல் கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மயர்த் தோட்டத்திலிருந்து தொழிலாளரை வெளியேற்ற முனைந்தபோது எழுந்த போராட்டம், சோகமே இம்மக்களின் இயல்பு என்போர்க்கு வரலாறு அளித்த விடைகளில் ஒன்று.

3. காலமும் சுரமும் மெய்ப்பாடும்

தோட்டத்துச் சாவுவீட்டை நோக்குவோம். அங்கு இரண்டு இசைகள் ஒருங்கே நிகழ்கின்றன. உள்ளே பெண்களின் ஒப்பாரி. வெளியே ஆண்களின் தப்பு. ஒப்பாரிக்குக் கட்டுப்பட்ட தாளம் கிடையாது. மூச்சு உள்ளவரை ஓரடி நீளும்; மேலெழுந்த குரல் படிப்படியாக இறங்கி, ஈற்றுயிரில் இழுபட்டு, விம்மலில் முடியும். வெளியே தப்போ நெருப்பிற் காய்ச்சித் தோல் இறுக்கப்பட்டு, இரு குச்சிகளால், துரித காலத்தில் அடிக்கப்படும். அதற்கு ஆடுவாரும் உண்டு. விரைவு மகிழ்ச்சிக்குரியது என்ற சமன்பாட்டை நம்புபவர் இதனைக் கொண்டாட்டமென்றே கருதுவர். தோட்டத்தில் வாழ்வோர்க்கு அவ்வடி கேட்டமாத்திரத்திலேயே 'யாரோ போய்விட்டார்' என்பது விளங்கும். சோக வால்ட்ஸின் விரைவான பகுதி அச்சுறுத்துவதற்கும் சாவுத்தப்பின் துரிதம் நெஞ்சை உலுக்குவதற்கும் காரணம் ஒன்றே. இரண்டிலும் வேகத்தின் பொருளைத் தீர்மானிப்பது அது நிகழும் சமூகச் சந்தர்ப்பம்.

மூன்றெண்ணிக்கைக்கும் இது பொருந்தும். நம் மரபில் மும்மை நடை, அதாவது திஸ்ரம், கும்மிக்கு உரியதாய்ப் பெரிதும் வழங்குவது. போர்த்துக்கேயர் தொடர்பால் இலங்கையில் வேரூன்றிய கஃப்ரிஞ்ஞாவும், அதன்வழி வளர்ந்த பைலாவும் ஆறெண்ணிக்கையில் துள்ளுவன. அவை விருந்துக்கும் கேளிக்கைக்கும் உரியவை. அதே மும்மை பின்லாந்திற் சாவின் நடையாயிற்று.

சுரவரிசையைப்பற்றிய கருத்தும் இவ்வாறே ஆட்டங்காண்கின்றது. மேனாட்டார் சோகத்துக்குரியதாய்க் கொள்ளும் இயல்பான மைனர் வரிசை, கருநாடக இசையின் இருபதாவது மேளமான நடபைரவியோடு ஒத்தது. அம்மேளத்திற் பிறந்ததாகக் கொள்ளப்படும் இராகமொன்றின் பெயரோ ஆனந்தபைரவி. மறுபுறம், அவர்கள் களிப்புக்குரியதெனக் கொள்ளும் மேஜர் வரிசை நம் சங்கராபரணத்தோடு ஒத்தது. அதிற் பிறந்த நீலாம்பரியே தாலாட்டின் இராகமாகப் போற்றப்படுகின்றது. சுரங்களுக்கிடையிலான இடைவெளிகள் உலகெங்கும் ஒன்றாயிருக்கலாம். அவற்றுக்கு மக்கள் ஏற்றிய பொருள் ஒன்றன்று.

தாலாட்டும் ஒப்பாரியும் தம்முள் நெருங்கியவை என்பதும் இங்குக் கருதத்தக்கது. இரண்டும் பெண்கள் படைத்தவை. இரண்டிலும் விளித்தலும் உறவுமுறை கூறலும் சீர்வரிசைகளை அடுக்குதலும் உண்டு. பிள்ளைக்காம்பராவில் குழந்தையை விட்டு மலையேறும் தாய், தாலாட்டுக்குரிய மெட்டிலேயே தன் களைப்பையும் ஏக்கத்தையும் சேர்த்துப் பாடினால், அது குழந்தைக்குத் தாலாட்டாகவும் தாய்க்குப் புலம்பலாகவும் ஏககாலத்தில் அமைகின்றது.

உணர்ச்சியின் சமூகக் காரணங்களை நம் முன்னோர் அறியாதவரல்லர். தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகின்றார். இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அவை. பிறரால் இகழப்படுதல், உள்ளதை இழத்தல், முன்னிருந்த நிலையிலிருந்து தாழ்தல், இல்லாமை என்று அவற்றை விளக்கலாம். இந்நான்கில் ஒன்றேனும் 'பிறவிச் சோகம்' அன்று. கருப்பொருள்களுள் யாழோடு பறையையும் வைத்தெண்ணிய அவ்விலக்கணம், ஒலியை நிலத்தோடும் தொழிலோடும் இணைத்து நோக்கியது. சிவத்தம்பி 1974இல் திணைக்கோட்பாட்டைச் சமூக பொருளாதார வளர்ச்சியோடு இணைத்து ஆராய்ந்தபின், இப்பார்வையைத் தற்கால இசைக்கும் விரித்தல் நமது கடமையாகின்றது.

4. கருவியின் மீது சுமத்தப்பட்ட இளிவு

இளிவைப்பற்றிப் பேசும்போது தோட்டத்துரையை மட்டும் குற்றஞ்சாட்டி நிறுத்திக்கொள்ளுதல் நேர்மையாகாது. தப்பு சாதியால் இழிக்கப்பட்ட கருவி. சாவுக்கும் சாமிக்கும் காமன் கூத்துக்கும் இன்றியமையாத அதனை, அடிப்பவரோடு சேர்த்து விலக்கிவைத்தது நமது சமூகமே. லயத்தில் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தும், ஒரே கூலியைப் பெற்றும், இப்பாகுபாடு முற்றாக மறையவில்லை. நிருவாகமும் அதனைத் தனக்கு வசதியாகப் பயன்படுத்திக்கொண்டது.

அயற்கிராமத்திலும் இதே நிலைமை காணப்படுகின்றது. சப்ரகமுவச் சிங்கள நடனமரபு 'தவுல' என்ற மேளத்தை முதன்மையாகக் கொண்டது. இரத்தினபுரிச் சமன் தேவாலயத்தோடு நெருங்கிய தொடர்புடையது. அம்மேளத்தை மரபாக வாசித்துவந்த பெரவா சமூகத்தவரும் தம் சமூகத்திற் தாழ்த்தப்பட்டவரே. சிங்களக் கிராமத்தின் மரணமேளமும் தோட்டத்துச் சாவுத்தப்பும் ஒரே பள்ளத்தாக்கில் ஒன்றுக்கொன்று கேட்கும் தூரத்தில் ஒலித்தன. அடித்த கைகள் இருமொழி பேசின. தாங்கிய இழிவு ஒன்றே. 1936இல் றுவன்வெல்லையில் என். எம். பெரேராவையும் அவிசாவளையில் பிலிப் குணவர்த்தனாவையும் தெரிவுசெய்த மண்ணில் இவ்வொற்றுமை அரசியலுணர்வாக வளர்ந்திருக்கக்கூடும். அது வளரவில்லை. இனவாதம் அதனை முந்திக்கொண்டது.

5. ஒப்பாரி புகைவண்டி ஏறியது

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப்பற்றிய முடிவு 1974வரை பிற்போடப்பட்டது. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குச் சென்ற புகைவண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று அழைத்தனர். வண்டி நகரும்போது மேடையில் நின்றோரும் வண்டிக்குள் இருந்தோரும் கட்டிப்பிடித்தழுத ஒலியே அப்பெயருக்குக் காரணம்.

இப்பெயர் இலக்கிய ஆய்வாளரின் ஆழ்ந்த கவனத்துக்குரியது. ஒப்பாரி இறந்தவர்க்கு உரியது. உயிரோடிருப்பவரை நோக்கி ஒப்பாரி வைப்பது மரபில் அமங்கலம். அவ்வழக்கத்தை மீறி, உயிருள்ள அண்ணனுக்கும் அக்காளுக்கும் அது பாடப்பட்டதென்றால், இரு அரசுகளின் உடன்படிக்கை செய்த பிரிவை மரணத்துக்கு ஈடாகவே மக்கள் உணர்ந்தனர் என்பது பொருள். சோக வால்ட்ஸில் களிப்பின் வடிவம் சாவுக்குள் நுழைந்தது; இங்குச் சாவின் வடிவம் வாழ்வுக்குள் நுழைந்தது. வரலாறு ஒரு மக்கட்கூட்டத்தை அதன் பழைய இருப்பிடத்திலிருந்து பெயர்க்கும்போது, அதன் இசைவடிவங்களும் தத்தம் சந்தர்ப்பங்களிலிருந்து பெயர்க்கப்படுகின்றன. இசையில் நாம் சோகமென உணர்வது பெரும்பாலும் இந்த இடப்பெயர்வையே.

சப்ரகமுவத்தில் இப்பெயர்வு பன்மடங்காயிற்று. 1973-74இல் தோட்டங்களிற் பட்டினி பரவியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. தொழிலாளரை நிலத்துக்கு உரியவராக்கவில்லை. 1977இலும், 1981 ஆகஸ்டிலும், 1983இலும் வன்செயல்கள் நிகழ்ந்தன. 1981இல் இரத்தினபுரி, கஹவத்தைப் பகுதித் தோட்டங்கள் கடுமையாகத் தாக்கப்பட்டன. சிதறிய தோட்டங்களிற் சிறுபான்மையாய் வாழ்ந்தோர் எளிதில் இலக்காயினர். பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும், வேறு பலர் தமிழ்நாட்டுக்கும் சென்றனர். 1992இல் தோட்ட முகாமை தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. எஞ்சிய நாடற்றவர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

6. சேகரிப்போர்க்கு ஒரு வேண்டுகோள்

இப்பின்னணியில் நம் நாட்டார் வழக்காற்று முயற்சிகளைப்பற்றி ஒன்று கூறவேண்டியுள்ளது. சி. வி. வேலுப்பிள்ளையின் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' முதலாக வெளிவந்த தொகுப்புகள் அழிந்துபோகவிருந்த பெருஞ்செல்வத்தைக் காத்தன. அவற்றின் பெறுமதி குறைத்து மதிப்பிடற்பாலதன்று. ஆயினும் நமது தொகுப்புகள் பெரும்பாலும் சொற்றொகுப்புகளே. பாடல் எவ்வேகத்திற் பாடப்பட்டது, எங்கு நிறுத்தப்பட்டது, எந்த நடையில் அமைந்தது, உடன் கைகொட்டினரா, தப்பு ஒலித்ததா என்பன பதிவாகவில்லை.

இக்குறையின் விளைவு சாதாரணமானதன்று. கோப்பிக்காலத்துப் பாடலொன்று, பழம் பறிக்கையில் ஒரேயொரு பழம் தவறிப்போனதற்காக உதைபட்ட கதையைக் கூறுகின்றது. தாளில் அதனை வாசிப்பவர் புலம்பல் என்று வகைப்படுத்துவர். அதே சொற்களைக் கும்மியின் மும்மை நடையில் வட்டமிட்டுக் கைகொட்டிப் பெண்கள் பாடினால், 'ஒரு பழத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா' என்று அதிகாரத்தை எள்ளிச் சிரிக்கும் பாடலாகவும் அது ஆகலாம். காலப்பிரமாணத்தைப் பதிவுசெய்யாத தொகுப்பு இரண்டாவது பொருளை இழந்துவிடுகின்றது. எஞ்சுவது கண்ணீர் மட்டுமே. கண்ணீரை மட்டும் கொண்ட ஏடுகளிலிருந்து 'சோக மக்கள்' என்ற முடிவு பிறப்பது எளிது.

ஆகவே இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலும், அங்கிருந்து பெயர்ந்தோர் வாழும் வன்னிக் கிராமங்களிலும், தமிழ்நாட்டின் தாயகம் திரும்பியோர் குடியிருப்புகளிலும், முதியோர் உள்ளபோதே பாடல்களை ஒலியோடு பதிவுசெய்ய வேண்டும். தப்படிகளின் வகைகளை அடிப்பவரின் வாய்மொழியிலேயே, அவர்களை ஆசிரியராய் மதித்து, பெயரும் சொற்கட்டும் கேட்டு எழுதவேண்டும். சிங்கள மேளக்கலைஞரின் மரபையும் உடன்வைத்து ஆராய வேண்டும். பல்கலைக்கழகங்களின் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளத்தக்க பணி இது. சிபேலியஸின் ஒரு சிறிய நடனத்துக்கு வேகம் குறிக்கப்பட்டுள்ளது. பல இலட்சம் மக்களின் ஒப்பாரிக்கும் கும்மிக்கும் அக்குறிப்பு இல்லையென்பது, அம்மக்களை நமது புலமையுலகம் எவ்வளவு தூரத்தில் வைத்திருந்தது என்பதற்குச் சான்றாக நிற்கின்றது.